சீனி வாங்கியவர் குற்றவாளியா?



ஹட்டன் பக்கத்தில் எமது கிளை இயங்கும் ஒரு தோட்டத்தில், த்ரீவீலர் ஒன்றின் பெட்ரோல் டேங்கில் யாரோ இரவோடு இரவாக எதையோ கொட்டிவிட்ட சம்பவம் உங்களில் பலருக்குத் தெரியும். பெரட்டுக் களத்திலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் இதைப் பேசாத நாள் இல்லை. "நம்ம சங்கத்து வண்டி என்பதற்காகத்தான் செய்தார்கள்" என்கிறார்கள் எமது அங்கத்தவர்கள். "எங்கள் பையனை அநியாயமாக அடித்துவிட்டார்கள்" என்கிறார்கள் மற்றச் சங்கத்தார். இரண்டு பேச்சும் எமது காரியாலயத்துக்கு வந்துவிட்டன. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி, எமது நிலைப்பாட்டையும் சொல்லிவிடுவது கடமை என்று நினைக்கிறோம். இதில் எமது பிழையும் இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

நடந்தது என்ன?

அந்த வண்டி எமது அங்கத்தவர் ஒருவரின் மகனுடையது. தாயும் தகப்பனும் மலையில் வேலை செய்கிறார்கள். மகன் லீசிங்கில் வண்டி எடுத்து ஓட்டுகிறார். மேற்கணக்கு லயங்கள்வரை பாதை போகாது, கோயிலடியோடு முடிந்துவிடும். அதனால் வண்டி இரவில் கோயிலடியில்தான் நிற்கும். அங்கே ஒரு லைட் கூடக் கிடையாது.

அன்று விடியற்காலை நான்கு மணிபோல ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. லயத்திலிருந்து மெதுவாக நடத்திக் கூட்டிவந்து வண்டியில் ஏற்றினார்கள். லீவரை இழுத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. எமது தோட்டப் பாதைகளில் எல்லோரும் செய்வதுபோல, இறக்கத்தில் உருட்டிவிட்டு ஸ்டார்ட் செய்தார் அந்தத் தம்பி. எஞ்சின் இருமி இருமி ஓடியது. முதல் வளைவைத் தாண்டிப் பாலத்துக்குக் கிட்டே போனதும் நின்றுவிட்டது. பிறகு என்ன செய்தும் உயிர் வரவில்லை.

அந்தத் தாயைக் கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு பிரதான வீதிவரை இறங்கினார்கள். யாரோ ஒருவர் புத்தியாக 1990 அம்புலன்ஸுக்குப் போன் செய்திருந்தார். அது வீதியில் வந்து காத்திருந்தது. தாயும் பிள்ளையும் இன்று நலமாக இருக்கிறார்கள். மழை பெய்திருந்தால், போன் சிக்னல் கிடைக்காமல் இருந்திருந்தால், என்ன ஆகியிருக்கும் என்பதை நாம் எழுதத் தேவையில்லை. கம்பளியில் தூக்கிப்போய், கொழுந்து லொறியில் ஏற்றி, பாதி வழியில் உயிரை விட்டவர்களின் கதைகள் எமது ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கின்றன.

வெளிச்சம் வந்த பிறகு வண்டியைப் பார்த்தார்கள். டேங்க் மூடி சரியாக இறுக்கப்படவில்லை. மூடியைச் சுற்றி ஈர மண். வண்டி நின்ற இடத்தில், புல்லுக்குள் ஒரு கிழிந்த சீனிப் பை கிடந்தது. அவ்வளவுதான். "டேங்கில் சீனி போட்டுவிட்டார்கள்" என்ற பேச்சு பெரட்டுக்கு முன்பே எல்லா லயத்துக்கும் போய்விட்டது.

அடுத்த கேள்வி, சீனி வாங்கியது யார்? முதல் நாள் மாலையில் தோட்டத்துக் கடையில் ஓர் இளைஞர் ஒரு கிலோ சீனி வாங்கியதை யாரோ பார்த்திருந்தார்கள். அவருடைய குடும்பம் போன வருடம் எமது சங்கத்தை விட்டு வேறு சங்கத்துக்குப் போனது. அதோடு, ஒரு கிழமைக்கு முன்பு ஹயர் விடயத்தில் அவருக்கும் வண்டிக்காரத் தம்பிக்கும் வாய்த்தர்க்கம் வந்திருந்தது. இவ்வளவும் போதுமானதாக இருந்தது. எட்டு மணிக்கு முன்பே ஒரு கூட்டம் அவருடைய லயத்து வாசலில் நின்றது. அவர் வாய் திறந்து பதில் சொல்வதற்குள் இரண்டு அறை விழுந்துவிட்டது. அறைந்தவர் எமது அங்கத்தவர். அன்றே பொலிஸுக்குப் போய் அந்த இளைஞரின் பெயரையும் கொடுத்துவிட்டார்கள்.

டேங்கில் இருந்தது என்ன?

மூன்றாம் நாள் வண்டியை டவுனில் உள்ள கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். எமது தோட்டத் தலைவரும் கூடப் போனார். டேங்கைக் கழற்றி, உள்ளே இருந்ததைக் கேனில் வடித்தார் பாஸ். அதில் கொஞ்சத்தைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி அசையாமல் வைத்தார். சிறிது நேரத்தில் மேலே பெட்ரோல், அதற்குக் கீழே கலங்கல் தண்ணீர், அடியில் மண் என்று தனித்தனியாகப் பிரிந்து நின்றது. பெட்ரோலையும் தண்ணீரையும் வடித்துவிட்டு, அடியில் தங்கியதைத் தனியாகக் காயவைத்து, அதில் நல்ல தண்ணீர் விட்டுக் கலக்கினார். சீனியாக இருந்தால் கரைந்திருக்கும். கரையவில்லை. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று மணல். பாதையோரத்து மண்தான்.

"சீனி எங்கே?" என்று எமது தலைவர் கேட்டார். "இதில் சீனி இல்லை, அண்ணே. இது மண்ணும் தண்ணியும்" என்றார் பாஸ்.

சீனியைப் பற்றி ஒரு கதை எல்லா ஊரிலும் உண்டு. சீனி பெட்ரோலில் கரைந்து, எஞ்சினுக்குள் போய்ப் பாகாகி, எஞ்சினையே இறுக்கிவிடும் என்பார்கள். அது உண்மையல்ல. சீனி தண்ணீரில்தான் கரையும்; பெட்ரோலில் கரைவதில்லை என்றே சொல்லலாம். டேங்கில் போட்டால் மணலைப் போல அடியில் போய்த் தங்கும். பிறகு பெட்ரோல் டெப்பில் உள்ள வலையையும் ஃபில்டரையும் அடைக்கும். பெட்ரோல் வராமல் வண்டி நிற்கும். டேங்கில் தண்ணீரும் இருந்தால் அந்தத் தண்ணீரில் கரைந்து காபரேட்டர்வரை போகலாம். சுத்தம் செய்ய வேண்டிய வேலைதான். எஞ்சினைத் தூக்கி எறியும் வேலையல்ல.

மண்ணும் தண்ணீரும் வேறு விதமான தொல்லை. தண்ணீர் பெட்ரோலை விடப் பாரம் என்பதால் டேங்கின் அடியில் இறங்கி, டெப்பைத் திறந்தவுடன் முதலில் அதுதான் காபரேட்டருக்குப் போகும். தண்ணீர் எரியாது, எஞ்சின் இருமி நிற்கும். அதிக நாள் கிடந்தால் டேங்கும் துருப்பிடிக்கும். நுண்ணிய மண் காபரேட்டரின் சிறு துளைகளை அடைக்கும். அதையும் தாண்டி உள்ளே போனால் எஞ்சினைத் தேய்க்கும். வண்டியை எவ்வளவு தூரம் ஓட்டுகிறோமோ அவ்வளவுக்குச் சேதம் கூடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டேங்கில் தண்ணீர் இருந்தால் அது எப்போதும் யாரோ செய்த வேலை என்று முடிவு கட்டக்கூடாது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் எமது மலைநாட்டு மழை ஒன்றே போதும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது த்ரீவீலருக்குக் கியூஆர் அட்டையில் கிழமைக்கு 5 லீற்றர்தான் முதலில் கிடைத்தது. அப்போது கிடைத்ததைக் கேனிலும் போத்தலிலும் சேமித்து வைக்கப் பழகினோம். சில வீடுகளில் அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. கழுவிய கேனில் மிஞ்சிய தண்ணீரும், மண்ணெண்ணெய் இருந்த கேனும், துருப்பிடித்த தகரமும் டேங்கைக் கெடுக்கும். எமது சம்பவத்தில் டேங்க் வாயில் மண் ஒட்டியிருந்ததால் இது வேண்டுமென்றே செய்த வேலை என்பது தெளிவு. ஆனால் யார் செய்தது என்பது இன்றுவரை தெரியாது.

பில்லும் பேரும்

டேங்கைக் கழற்றிக் கழுவியது, பெட்ரோல் குழாயும் ஃபில்டரும் புதிதாகப் போட்டது, காபரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தது, பிளக் மாற்றியது, எஞ்சின் ஒயில் மாற்றியது, இழுத்துப்போன கூலி எல்லாம் சேர்த்து பில் 18,500 ரூபா. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்குப் போட்டால், மலையில் ஏறக்குறைய பதினான்கு பேர். வண்டி ஓடாத ஆறு நாளின் வருமானம் இதில் சேரவில்லை. லீசிங் கம்பனி அந்த ஆறு நாளைக் கழித்துக்கொள்ளப் போவதும் இல்லை.

இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்யாமல் இருந்திருந்தால் காபரேட்டர் வேலையில் பெரும் பகுதி மிஞ்சியிருக்கும் என்றார் பாஸ். அந்தத் தம்பியை நாம் குறை சொல்லவில்லை. வண்டிக்குள் வலியில் துடிக்கும் ஒரு பெண் இருக்கும்போது யார்தான் டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பார்கள்? ஆனால் இனி யாருக்காவது இப்படி நடந்தால் செய்ய வேண்டியதை நாம் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படி நடந்தால் என்ன செய்வது?

முதலாவது, சந்தேகம் வந்தவுடன் ஸ்டார்ட் செய்யாதீர்கள். "போகுமா பார்ப்போம்" என்று உருட்டாதீர்கள். பெட்ரோல் டெப்பை மூடுங்கள். புதிய வேன், கார், சில மோட்டார் சைக்கிள்களில் சாவியைத் திருப்பினாலே பம்ப் வேலை செய்து அழுக்கை உள்ளே இழுத்துவிடும். ஆகவே சாவியையும் திருப்ப வேண்டாம். நோயாளி இருந்தால் உடனே 1990க்குப் போன் செய்து, அம்புலன்ஸ் எந்த இடம்வரை வரமுடியும் என்று பேசிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தொடுவதற்கு முன் போனில் படம் எடுங்கள். டேங்க் மூடி, சுற்றியுள்ள மண், கிடந்த பொருட்கள், கால் தடம் இருந்தால் அதுவும். எதையும் துடைக்காதீர்கள்.

மூன்றாவது, வாயால் குழாயில் உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வடிக்கும் வேலையை வெளியில், காற்றோட்டமான இடத்தில், கராஜ்காரர் செய்யட்டும். பக்கத்தில் பீடி, அடுப்பு, விளக்கு எதுவும் கூடாது.

நான்காவதை எமது தாய்மார் கவனமாக வாசிக்கவும். வடித்த பெட்ரோல் வீணாகிறதே என்று அதை மண்ணெண்ணெய் அடுப்பிலோ விளக்கிலோ ஊற்றாதீர்கள். அடுப்பு வெடிக்கும். விறகில் தெளித்தும் பற்றவைக்காதீர்கள். சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைத்தால் பிள்ளை எடுத்துக் குடித்துவிடும். கானில் ஊற்றினால் அது ஓடைக்குப் போகும்; கீழ் லயத்துப் பீலியில் வரும் தண்ணீர் அந்த ஓடைத் தண்ணீர்தான். கராஜிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.

ஐந்தாவது, டேங்கில் இருந்ததில் கொஞ்சத்தை இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் எடுத்து, திகதி எழுதி, பொலிஸில் ஒப்படைக்கும்வரை கராஜிலேயே பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். வடிக்கும்போது இரண்டு பேர் சாட்சியாக நிற்பது நல்லது. என்ன கண்டேன் என்பதைக் கராஜ்காரரிடம் எழுதி வாங்குங்கள். பில்களைச் சேர்த்து வையுங்கள்.

ஆறாவது, பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். நடந்ததை மட்டும் சொல்லுங்கள். கண்ணால் காணாததைக் கண்டதாகச் சொல்லாதீர்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள். வேறு மொழியில் எழுதியிருந்தால் வாசித்து விளங்கப்படுத்தும்வரை கையொப்பம் வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏழாவது, இன்சூரன்ஸ் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். எமது பிள்ளைகளில் பலர் வைத்திருப்பது மூன்றாந் தரப்புக் காப்புறுதி. அது மற்றவருக்கு நேரும் சேதத்துக்குத்தான். சொந்த வண்டியின் சேதத்துக்குப் பணம் வராது. முழுக் காப்புறுதி இருந்தால் உடனே அறிவியுங்கள். லீசிங் கட்டணம் தாமதமாகும் என்றால் முறைப்பாட்டுப் பிரதியோடு கடிதம் கொடுங்கள். எழுதிக் கொடுக்க எமது காரியாலயம் உதவும். எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறீர்கள் என்று கேட்கமாட்டோம்.

வண்டி திருத்தியாகி வந்த பிறகும் ஒரு வேலை உண்டு. முதலில் கொஞ்சம் புதிய பெட்ரோல் போட்டு ஓட்டிப் பார்த்து, சில நாளில் ஃபில்டரைத் திரும்பவும் திறந்து பாருங்கள். மூலையில் தங்கிய மண் அப்போதுதான் வெளியே வரும். பூட்டுள்ள டேங்க் மூடி ஒன்றும் வாங்கிப் போடுங்கள்.

எமது பிழை

இனி எமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதைச் சொல்கிறோம்.

அந்த இளைஞர் மீது இருந்த ஒரே சான்று சீனி. டேங்கில் சீனி இல்லை. புல்லுக்குள் கிடந்த பை யாருடையது, எத்தனை நாளாகக் கிடந்தது என்பது யாருக்கும் தெரியாது. "சீனி இல்லை என்பதற்காக அவன் செய்யவில்லை என்று ஆகிவிடுமா? மண்ணை அள்ளிப் போட்டிருக்கலாமே" என்று எமது கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார். கேட்கலாம். ஆனால் மண் எல்லோருடைய வாசலிலும் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் இந்தத் தோட்டத்தில் யாரை வேண்டுமானாலும் அடிக்கலாம். தேத்தண்ணிக்குச் சீனி வாங்காத வீடு எமது லயங்களில் எது?

உண்மையில் அவரைக் குற்றவாளியாக்கியது சீனி அல்ல. அவருடைய குடும்பம் சங்கம் மாறியது. அதுதான் காரணம். இதை ஒப்புக்கொள்ள எமக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அவர் எமது சங்கத்துக் குடும்பமாக இருந்திருந்தால், சீனி வாங்கியதை யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். விரும்பிய சங்கத்தில் சேர்வது தொழிலாளியின் உரிமை. அந்த உரிமைக்காகத் துரைமாரோடு சண்டை பிடித்து வளர்ந்த இயக்கம் எமது இயக்கம். எம்மை விட்டுப் போகிறவருக்கும் அந்த உரிமை உண்டு. இல்லையென்றால் அது உரிமையல்ல.

மற்றவர் சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் செய்வது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். ஒருவரைக் கன்னத்தில் அறைவதும் அதே சட்டக்கோவையின்படி குற்றம்தான். முதல் குற்றத்தைச் செய்தவர் யாரென்று தெரியாது. இரண்டாவது குற்றம் எல்லோரும் பார்க்க நடந்தது. இந்த நிலையில் பொலிஸில் போய் நாம் எந்த முகத்தோடு நியாயம் கேட்பது?

வண்டிக்காரத் தம்பியின் தகப்பனாரிடம் எமது தலைவர் பேசினார். அவர் நல்ல மனிதர். மறுநாளே பொலிஸுக்குப் போய், "அவர் பெயரை ஊர்ப்பேச்சைக் கேட்டுத்தான் கொடுத்தேன், எனக்கு நேரடியாக எதுவும் தெரியாது" என்று மேலதிக வாக்குமூலம் கொடுத்தார். அதற்காக எமது அங்கத்தவர் சிலர் அவரோடு பேசாமல் இருக்கிறார்கள். அது தவறு. மகனுடைய வண்டி பாழாகி, பதினான்கு பேர் போன வீட்டில் இருந்துகொண்டு ஒரு மனிதர் செய்த நியாயம் அது. அவரைப் பாராட்டுகிறோம்.

எமது நிலைப்பாடு

வண்டி ஒரு குடும்பத்தின் சொத்து. ஆனால் மேற்கணக்கில் இருக்கும் அத்தனை குடும்பத்துக்கும் இரவில் இருக்கும் ஒரே வாகனம் அதுதான். அன்று அதில் ஏறிய பெண்ணின் குடும்பம் எமது சங்கமும் இல்லை, மற்றச் சங்கமும் இல்லை; தோட்டத்தில் பேரே இல்லாத, வெளிவேலைக்குப் போகும் குடும்பம். டேங்கில் மண் போட்டவர் ஒரு வண்டிக்காரனுக்குப் பாடம் படிப்பிக்க நினைத்திருக்கலாம். அடி விழுந்தது அந்தத் தாய்க்கு. அவருடைய சொந்த வீட்டிலும் நாளைக்கு ஒரு நெஞ்சுவலி வரலாம். அப்போது அவரும் இதே வண்டிக்காரனின் கதவைத்தான் தட்டுவார். செய்தவர் இதை வாசித்தால், அல்லது யாராவது வாசித்துச் சொன்னால், இதை யோசித்துப் பார்க்கட்டும்.

ஆகவே எமது கிளைக் குழு நான்கு விடயங்களைத் தீர்மானித்திருக்கிறது.

ஒன்று, திருத்தச் செலவில் பாதியைத் தோட்டத்திலுள்ள எல்லாச் சங்கங்களும் கோயில் கமிட்டியும் சேர்ந்து கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். எமது பங்கை முதலில் நாம் கொடுத்துவிட்டோம். மற்றச் சங்கத்தின் தோட்டத் தலைவரும் சம்மதித்திருக்கிறார். அவருக்கு நன்றி.

இரண்டு, செய்தவர் யாரென்று தெரியவந்தால் லயத்து வாசலில் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. பொலிஸ் ஊடாகவோ, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபை ஊடாகவோ போவோம். மத்தியஸ்த சபையில் சட்டத்தரணி வாதாடுவதில்லை. இரு பக்கமும் நேரில் உட்கார்ந்து பேசலாம். நட்டத்தைக் கொடுத்து மன்னிப்புக் கேட்க ஒருவர் முன்வந்தால் அதற்கு இடம் இருக்க வேண்டும். அவரும் இந்தத் தோட்டத்துப் பிள்ளையாகத்தான் இருப்பார்.

மூன்று, கோயிலடிக்கு ஒரு லைட்டும், வண்டிகள் நிற்க ஒரு கொட்டகையும் வேண்டும் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். அதோடு, அவசர நோயாளிக்கு இரவில் தோட்டத்து வாகனம் ஒன்று சாரதியோடு தயாராக இருக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். 1992இல் தோட்டங்களைக் கம்பனிகள் பொறுப்பெடுத்தபோது தேயிலைச் செடியை மட்டும் பொறுப்பெடுக்கவில்லை. அந்த மண்ணில் வாழும் மக்களும் இருந்தார்கள். லீசிங் கட்டும் ஒரு இளைஞனின் த்ரீவீலர் நின்றுவிட்டால் ஒரு கணக்கே ஆஸ்பத்திரிக்குப் போகமுடியாது என்ற நிலை யார் பிழை? டேங்கில் மண் போட்டவரை மட்டும் திட்டிவிட்டு இந்தக் கேள்வியை மறந்துவிட்டால், நாம் தொழிற்சங்கம் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தம் இல்லை. மேற்கணக்கு லயங்கள்வரை பாதை போட வேண்டும் என்ற கோரிக்கையையும் மாவட்டக் குழுவுக்கு மீண்டும் அனுப்பியிருக்கிறோம்.

நான்கு, அந்த இளைஞரிடம் மன்னிப்புக் கேட்பது. எமது தோட்டத் தலைவர் போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய லயத்துக்குப் போய், தாய் தகப்பன் முன்னிலையில் சங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அந்தத் தாய் அழுதார். பிறகு தேத்தண்ணி கொடுத்தார். இளைஞர் அதிகம் பேசவில்லை. "நான் சீனி வாங்கினது தங்கச்சியின் பிறந்தநாளுக்கு" என்று மட்டும் சொன்னார்.

அறைந்த தோழர் இன்னும் அந்த வீட்டுக்குப் போகவில்லை. அவர் நீண்டகாலமாக எமது சங்கத்துக்காக உழைத்தவர். வேலைநிறுத்தக் காலங்களில் முன்வரிசையில் நின்றவர். அவர் பெயரை இங்கே எழுதமாட்டோம். இந்தச் செய்திமடலை அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிப்பார் என்பது எமக்குத் தெரியும். தனியாகப் போகச் சங்கடமாக இருந்தால் சொல்லுங்கள் தோழரே, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் நாமும் கூட வருகிறோம்.